ஆறு பத்து

ஏணியின் மூன்றாம் படி ஆடும்.
அதை விட்டுவிட்டு நாலாவதுக்குத் தாவப்
பழகிவிட்டேன், நாற்பத்தொரு பலகையில்.

பஸ் நிலையத்தில் கீழ்ப்பாதியை
மான்கள் தேய்த்து முடித்திருந்தன.
குச்சவெளியின் கொம்பை
ஒரு கொம்பன் மான் தன் கொம்பில் கொண்டுபோய்விட்டது.
மிச்சம் நின்றது 'குச்சவளி'.
புதிதாய் எழுதி, ஒரு முழம் மேலே தூக்கி அறைந்தோம்.
மான் வந்து மணந்து பார்த்தது.
ஈரமென்று தெரிந்ததும்
புல்மோட்டை பஸ்ஸின் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

நாற்பத்திரண்டாவது, சாம்பல்தீவு.
'சம்பல்தீவு' என்றிருக்கிறது.
ஓர் அரவு விழுந்ததற்கு
ஊர் முழுக்கத் தேங்காய் துருவ வேண்டும் போல.
சிங்களத்தில் சரி, ஆங்கிலத்திலும் சரி,
எங்கள் வரியில் மட்டும் யாரோ
ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்திருக்கிறார்கள்.

கீழே நின்று நிஸ்மியா கோப்பு வாசிப்பாள்:
'உப்புவெளி, பிழையில்லை.
நாலாம் கட்டை, கம்பமே இல்லை.
ஆறாம் கட்டை...'
மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலம்,
சனம் இன்னும் ஆறாம் கட்டையில்தான் இறங்குகிறது.
எதை எழுதுவது?
சனம் சொல்வதை, என்றாள்.
கந்தோர் சொல்வதை, என்றேன்.
இரண்டையும் எழுதினோம்.
இடம் காணாமல் எழுத்துகள்
ஒன்றின் மடியில் ஒன்று இருந்தன,
ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி பஸ்ஸில் மாதிரி.

'சாம்பல்தீவு, கடைசி வரி.
காலை 6.10 குச்சவெளி.
நிறுத்தப்பட்டது. இரண்டு வருசம்.'
வெள்ளைத் தூரிகையை எடுத்தேன்.
இல்லாத பஸ்ஸுக்கு ஆளை நிற்கவைப்பதைப் போல்
ஒரு பாவம் இல்லை.
ஒரே இழுவை.

சைக்கிளில் போனவர் காலூன்றி நின்றார்,
பின்னால் ஒரு பெட்டி, மேசன் கரண்டி, தூக்குக்குண்டு.
'அந்த பஸ் இல்லையா?'
'இல்லை ஐயா. இரண்டு வருசமா.'
அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.
'அப்ப இண்டைக்கு விடிய
நான் ஏறிப்போனது எதில?'

நிஸ்மியா கோப்பைத் திரும்பப் பார்த்தாள்.
கோப்பில் ஒன்றும் மாறவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கே போய் நின்றேன்.
கடல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.
மேசன் வந்தார், பெயர் யோகசிங்கம்.
குச்சவெளி ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும்
பிலோமினா வந்தா.
ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை.
நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறு பதினேழுக்கு
ஒற்றை லைட்டோடு சிவப்பு பஸ் வந்தது.

சாரதி அஸ்மீர் கியரை மாற்றியபடி சொன்னார்:
'ஏழு மணிக்குக் குச்சவெளியில
பள்ளிக்கூட ஓட்டம். டிப்போவில இருந்து
வெறும் வண்டியாத்தான் போகச் சொல்லியிருக்கு.
கை காட்டுற சனத்தை விட்டிட்டு எப்பிடிப் போறது?
டிக்கெட் குடுக்கிறம், காசு கட்டுறம்.
நீங்க இதை எழுதிப்போடாதீங்கோ.
எழுதினா யாராவது வாசிப்பினம்.'

நிலாவெளி வரை போய் இறங்கினேன்.
என் வேலை பலகை பொய் சொல்லாமல் பார்ப்பது.
இந்தப் பலகை பொய் சொல்லவில்லை,
ஏழு நிமிசத்தைத் தவிர.
எழுதாவிட்டால், நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி
அந்தக் கம்பத்தடியில்
ஏழு மணி பஸ்ஸுக்குக் காத்திருப்பாள்,
ஆறு பதினேழு வரும்போது கை காட்டாமல்.
எழுதினால்
மேசையில் இருக்கும் யாருக்கோ நினைவு வரும்.

நிஸ்மியா சொன்னாள்:
'குறிப்புக் கட்டம் காலியாத்தானே கிடக்கு.'
அதில் எழுதினேன்:
பலகை சரி. கோப்பைத் திருத்தவும்.
அவள் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.
ஒரு பிழைக்கு இரண்டு பேர் இருந்தால்
விசாரணை நீளும், என்றாள்.

இன்னும் பதில் இல்லை.
நான் பூசியது ஒரு கை வெள்ளைதான்,
டின் முடிகிற நேரம், தண்ணீர் கூடிப்போன வெள்ளை.
வெயில் சாயும்போது வீதியின் இந்தப் பக்கம் நின்றால்
6.10 அடியிலிருந்து தெரிகிறது.
இரண்டாம் கை பூசச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சாம்பல்தீவுக்கு அரவு போட்டாயிற்று.
கொஞ்சம் தடிப்பாய்.